உயிலுக்கு வைத்த பொட்டு

அத்தியாயம் 11

நடுவட்டம் சுப்பண்ணன் குடும்பத்துக்கு ஒரு சாமி உண்டு. கோயிலில் இல்லை. பீரோவின் மேல்தட்டில், பழைய பிஸ்கட் டப்பாவுக்குள் இருக்கிறது.

சுப்பண்ணனின் பூட்டன் பொங்கியண்ணன் 1888இல் எழுதி வைத்த உயில்தான் அது. ஆயுத பூஜை தோறும் கொளுந்துக் கத்தரி, மண்வெட்டி, தராசு இவற்றோடு வாழையிலையில் வந்து உட்காரும். சந்தனம் குங்குமம் வாங்கிக்கொள்ளும். சூடம் காட்டியதும் டப்பாவுக்குள் திரும்பிவிடும்.

யாரும் அதைப் பிரித்துப் படித்ததில்லை. படித்தால் வீட்டில் பாகப்பிரிவினை வந்துவிடும் என்பது மூன்று தலைமுறை நம்பிக்கை. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்பது சுப்பண்ணனுக்குத் தெரியும். சொத்து முழுவதும் மூத்த ஆண்வாரிசுக்கு. அந்த மூத்த ஆண்வாரிசு அவராகவே அமைந்தது தற்செயல்.

தேயிலைக் கொளுந்து விலை விழுந்து இது மூன்றாவது வருஷம். ஃபேக்டரி லாரி வாரத்தில் இரண்டு நாள் வந்தால் பெரிது. பறித்த இலையை ஓடையோரம் கொட்டிவிட்டு வந்தவர்கள் அந்தச் சுற்றுவட்டாரத்தில் பலர் உண்டு. இந்த நேரம் பார்த்துத்தான் சுப்பண்ணனின் மகன் ரமேஷ், கோயமுத்தூரிலிருந்து ஒரு ரிசார்ட்காரரைப் பிடித்துக்கொண்டு வந்தான். நாலு ஏக்கர் மேல்காடு, நடுவே ஓடை, எதிரே பள்ளத்தாக்கு. ரிசார்ட்காரர் மூச்சை இழுத்து விட்டு, "ஏர் நல்லாருக்கு" என்றார். அதோடு பேச்சு முடிந்துவிட்டது.

முடியாதது ஒன்றே ஒன்று. மேல்காட்டின் தலைமாட்டில் மூன்று அறை ஓட்டு வீடு இருந்தது. அதில் சுப்பண்ணனின் தங்கை மரகதம் இருந்தாள்.

புருஷன் போனபிறகு பதினோரு வருஷமாக அந்த வீட்டில் இருக்கிறாள். கவாத்து அடிப்பதிலிருந்து கொளுந்து கிள்ளுவது வரை மேல்காட்டை அவள்தான் பார்க்கிறாள். "உயில்ல உனக்கு இடமில்ல அம்மிணி, நான் என்ன பண்ணட்டும்" என்று அண்ணன் போன வாரம் கையை விரித்தார். ரமேஷ் வீட்டு மாடியில் அவளுக்குத் தனி அறை உண்டாம். அந்த அறையை அவள் பார்த்திருக்கிறாள். கிரைண்டரும், இஸ்திரி போடாத துணியும் ஏற்கெனவே அங்கே குடியிருக்கின்றன.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு ரிசார்ட்காரரின் வக்கீல் குன்னூரிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கினார். பெயர் மெட்டில்டா. ஐம்பது வயது, கனத்த ஸ்வெட்டர், அதைவிடக் கனத்த கண்ணாடி.

சுப்பண்ணன் சரிகை வேட்டி கட்டி, கல்யாணத்துக்குத் தைத்த கோட்டை மாட்டி, மஃப்ளரைக் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி நின்றார். வாசலில் அவர் பெயர்ப்பலகை தொங்கியது. ஒரு சங்கத்தின் முன்னாள் இணைச் செயலாளர். சங்கம் கலைந்து ஏழு வருஷமாகியும் பலகைக்கு யாரும் தகவல் சொல்லவில்லை.

"வாங்க, வாங்க. எங்க பூட்டனாரு காலத்துல துரைமாரெல்லாம் இந்த வாசல்லதான் குதிரைய கட்டுவாங்க" என்றார்.

"அப்படிங்களா சார்" என்று மெட்டில்டா சுற்றிப் பார்த்தார். குதிரை கட்டும் அளவுக்கு இடமில்லை. "மூலப்பத்திரம் இருக்குன்னு ரமேஷ் சொன்னார். அதைப் பாத்துட்டா வேலை முடிஞ்சுது."

மரகதம் கதவோரம் நின்றாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. போகச் சொல்லவும் இல்லை.

"நம்புங்க மேடம், அதுல எல்லாம் சரியா இருக்குதுங்க" என்றார் சுப்பண்ணன்.

"படிச்சிருக்கீங்களா?"

"படிக்கோணும்னு அவசியமே வந்ததில்லீங்க."

"எனக்கு அதுதான் தொழில் சார். எடுங்க."

டப்பா வந்தது. திறந்ததும் சந்தன வாசனையும் எலிப்புழுக்கை வாசனையும் சேர்ந்து வந்தன. சிவப்புத் துணிக்குள் நாலாக மடித்த காகிதம் இருந்தது. மேல்மடிப்பில் காய்ந்த சந்தனம், அதன்மேல் குங்குமம், அதன்மேல் மறுபடி சந்தனம். சின்னக் குன்று ஒன்று உருவாகியிருந்தது.

மெட்டில்டா பேனாக்கத்தியால் குன்றைச் சுரண்டினார். வருஷங்கள் பொடிப்பொடியாக மேஜைமேல் உதிர்ந்தன. சுப்பண்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"பழைய கையெழுத்து உங்களுக்கு ஓடுங்களா?" என்று ரமேஷ் சந்தேகப்பட்டான்.

"எங்க அப்பா பத்திரம் எழுதுறவர். இந்த மாதிரி எழுத்தைப் பாத்துத்தான் நான் படிக்கவே கத்துக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டுப் படிக்க ஆரம்பித்தார்.

"சர்வதாரி வருஷம் ஐப்பசி மாதம். காரமடை விட்டு வந்து நடுவட்டத்தில் குடியிருக்கும், பொதிமாட்டில் அரிசி சுமந்து பிழைக்கும் பொங்கியண்ணன், சுயபுத்தியோடும் பூரண ஞாபகத்தோடும் எழுதி வைத்தது."

"பொதிமாடா" என்றான் ரமேஷ்.

"குதிரையும் இருந்திருக்கும்" என்றார் சுப்பண்ணன்.

"குதிரை வருது சார்." மெட்டில்டா விரலால் வரியைத் தொட்டார். "மட்டக்குதிரை ஒன்று, பின்கால் நொண்டி. அதை நடுவட்டம் சிங்கோனாத் தோட்டத்துக் கங்காணிக்குக் கொடுத்துவிடவும். அவர்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறார்."

மரகதத்துக்குச் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். துரைமார் குதிரை கட்டிய வாசலில் நூற்றுப் பன்னிரண்டு வருஷம் கழித்து ஒரு நொண்டி மட்டக்குதிரை வந்து நின்றது.

"பொதிமாடு இரண்டு. கண் தெரிவது என் தங்கைக்கு. தெரியாதது தங்கை மகன் வடிவேலுக்கு. அவனுக்கு வழி தெரியும். வெண்கல உருளி ஒன்று தங்கைக்கு. கம்பளி மூன்று. நல்லது இரண்டும் தங்கைக்கு. என் மூத்த மகன் வேலனுக்கு, அவன் என்னைப் பேசிய பேச்செல்லாம் மன்னித்து, கிழிந்த கம்பளி ஒன்று."

மூத்த மகன் வேலன், சுப்பண்ணனின் தகப்பனைப் பெற்ற அப்பாரு. இந்தப் பரம்பரையின் முதல் மூத்த ஆண்வாரிசு.

"கம்பளி அந்தக் காலத்துல பெரிய சொத்துங்க" என்றார் சுப்பண்ணன்.

"கிழிஞ்சதுங்களா அண்ணா?" என்றாள் மரகதம்.

"நீ சும்மா இரு புள்ள."

மெட்டில்டாவின் குரல் மெதுவானது. "மேல்காடு நாலு ஏக்கர் சொச்சமும் அதிலோடும் தண்ணீரும், நான் கால் வீங்கிக் கிடந்த ஒன்பது மாதமும் என்னைத் தூக்கி உட்காரவைத்துக் கஞ்சி ஊற்றிய..."

நிறுத்தினார். காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

கட்டைவிரல் அகலத்துக்குக் காவி நிறத்தில் ஒரு கறை. நடுவில் காகிதமே அரித்துப் போயிருந்தது. ஒன்றரை வரியைக் காணோம்.

"அப்புறம் இருக்கு. 'அவளுக்குப் பிற்காலம் அவள் வயிற்றில் பிறந்த ஆணுக்கும் பெண்ணுக்கும் சரிசமமாக.' அவ்வளவுதான் சார். கீழே சாட்சி கையெழுத்து."

எல்லாரும் காகிதத்தைச் சுற்றிக் குனிந்தார்கள். விஷயம் புரிய வெகுநேரம் ஆகவில்லை. மேல்மடிப்பில் வைத்த பொட்டு, நாலு மடிப்பிலும் இறங்கியிருந்தது. ஒரு கறை, எல்லையில் இருந்த பாறையை விழுங்கியிருந்தது. இன்னொன்று ஒரு சாட்சியின் தகப்பனாரை. மூன்றாவது, எழுத்தில்லாத இடத்தில் வீணாகியிருந்தது. நாலாவது வாரிசைத் தின்றிருந்தது.

கடைசி முப்பது வருஷமாகப் பொட்டு வைத்தவர் சுப்பண்ணன். மரகதம் அவருடைய கட்டைவிரலைப் பார்த்தாள். நல்ல அகலமான விரல்.

"பொட்டு பெருசா வெச்சாத்தானே மரியாதை" என்றார் அவர், யாரும் கேட்காமலே.

"மரியாதை நல்லா இறங்கியிருக்கு சார்" என்றார் மெட்டில்டா.

ரமேஷ் தொண்டையைச் செருமினான். "மேடம், அது எங்க கொள்ளுப்பாட்டி வேலாயியாத்தான் இருக்கும். வேலன் அப்பாரு சம்சாரம். அந்த எடத்துல நாமளே அழகா எழுதிட்டா?"

"எழுதுங்க தம்பி. எழுதிட்டு எனக்கு ஒரு போன் போடுங்க. ஜாமீன் எடுக்கிற வக்கீல் நம்பர் தரேன்."

"வேலாயி அப்பத்தாவேதாங்க. வேற ஆரு இருக்கறாங்க இந்த ஊட்ல?" என்றார் சுப்பண்ணன். நிமிர்ந்து உட்கார்ந்தார். பெண் பெயராக இருந்தாலும் தன் அப்பத்தா என்றால் மரியாதை கெடாது என்று அவர் முகம் சொன்னது. "அப்பத்தா, அப்பன், நான். நேர் வாரிசு. ஒண்ணும் மாறலீங்க."

மரகதம் அப்போது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பது அவளுக்குத் தும்மலை அடக்குவது மாதிரி.

"வேலாயி அப்பத்தாவா இருக்காதுங்க" என்றாள்.

"ஏனாம்?"

"அப்பத்தா கல்யாணத்துக்குச் சீர் வந்த அண்டா என்ற ஊட்லதான் கெடக்குது. அதுல பேரும் வருஷமும் வெட்டியிருக்குதுங்க. தொண்ணூத்தி நாலு. இந்தக் காயிதம் எண்பத்தெட்டு. கல்யாணத்துக்கு ஆறு வருஷம் முந்தியே வந்து கஞ்சி ஊத்துவாங்களா?"

சுப்பண்ணன் தங்கையைப் பார்த்த பார்வையில் அந்த அண்டாவை உருக்கியிருக்கலாம்.

மெட்டில்டா கண்ணாடியைக் கழற்றிவிட்டு மரகதத்தை முதல்முறையாகப் பார்த்தார். "அம்மா, நீங்க இந்த வீட்ல யாரு?"

"மேல்காட்டுல இருக்கறவளுங்க" என்றாள் மரகதம்.

வக்கீல் காகிதத்தைப் பழையபடி மடித்தார். "நூறு வருஷத்துக்கு மேல நீங்க அனுபவிச்ச நிலத்தை யாரும் வந்து பிடுங்கிட முடியாது சார். அது வேற. ஆனா முடிச்சு உள்ள நிலத்தை வாங்க என் கட்சிக்காரர் சம்மதிக்கமாட்டார். உயிலைப் பதிவு பண்ண முத்திரை பின்னால இருக்கு. ஊட்டி ரிஜிஸ்டர் ஆபீஸ்ல மூணாம் புஸ்தகம்னு ஒண்ணு உண்டு. உயில் எல்லாம் வரி விடாம அதுல காப்பி பண்ணியிருப்பாங்க. பேரைக் கண்டுபிடிங்க. அந்த அம்மா வழியில யார் இருக்காங்களோ, அவங்ககிட்ட ஆட்சேபணை இல்லைன்னு கையெழுத்து வாங்குங்க. வாங்கிட்டா மறுநாளே கிரயம். வாங்கலைன்னா அவர் வேற மலை பாப்பார்."

"நான் போய் கியூவுல நின்னு என்ற பூட்டன் உயில என்னத்துக்குக் கேக்கோணும்?" என்றார் சுப்பண்ணன். "ரமேஷு போவான். இப்ப ராகு காலம் வருது. நாளைக்கி ஆபீஸ் லீவு. திங்கக்கெழமை நல்ல நாளு."

திங்கட்கிழமை என்று முடிவானது. ஜீப் கிளம்பியது. ரமேஷும் அதிலேயே தொற்றிக்கொண்டான்.

மரகதம் மேல்காட்டுக்கு ஏறினாள். லாரி வராததால் முந்தாநாள் பறித்த கொளுந்து சாக்கில் வெந்துகொண்டிருந்தது. கையை விட்டுப் பார்த்தாள். சுட்டது.

கணக்கு எளிதாகத்தான் இருந்தது. பெயர் தெரியாதவரை விற்பனை இல்லை. விற்பனை இல்லாதவரை அவள் வீடு வீடாகவே இருக்கும். அந்தக் கறைதான் அவளுக்குக் காம்பவுண்டுச் சுவர். அண்ணனின் கட்டைவிரலுக்கு அவள் மாலை போட வேண்டும்.

அப்படியே அடுப்பு மூட்டிச் சோறு வைத்திருக்கலாம். வைக்கவில்லை.

ஒன்பது மாதம். வளர்ந்த ஆளைத் தூக்கி உட்காரவைத்து. ஐப்பசிக் குளிரில், கிழியாத இரண்டு கம்பளியோடு. நாலு ஏக்கர் அவள் பெயருக்கு. அப்படிப்பட்டவளுடைய பெயர் இந்த வீட்டில் ஒரு பிள்ளைக்கு வைக்கப்படவில்லை. ஒரு திவசத்தில் சொல்லப்படவில்லை. ஒரு சண்டையில்கூட வாய்தவறி வரவில்லை. வாய்தவறுவதையே தொழிலாக வைத்திருக்கும் குடும்பம் இது. எவ்வளவு ஜாக்கிரதையாக மறந்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை ரமேஷுக்கு எப்படியும் தெரியத்தான் போகிறது. அவன் கையெழுத்து வாங்கப் போகும்போது கையில் ஸ்வீட் பாக்கெட்டும் பேனாவும் கொண்டுபோவான். வாங்கியும் விடுவான்.

மரகதம் புடவை மாற்றிக்கொண்டு, ராகு காலம் உச்சத்தில் இருக்கும்போது ஊட்டி பஸ் ஏறினாள்.

பதிவு அலுவலகத்தில் மதியச் சாப்பாடு முடிந்து எல்லாரும் தங்கள் நாற்காலிக்குத் திரும்ப இரண்டரை ஆனது. பழைய ஏடுகளைப் பார்க்கும் எட்மண்ட் ஓய்வுக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தார். குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டிருந்தார்.

"மூணாம் புஸ்தகமா?" என்றார். "அதைக் கேட்டு வர்றவங்க எல்லாம் ஒரே மாதிரி மூஞ்சியோட வருவாங்கம்மா. தாத்தா நமக்கு ஏதாச்சும் வெச்சிருப்பாருன்னு ஒரு மூஞ்சி. போறப்ப வேற மூஞ்சி."

"எனக்கு ஒண்ணுமில்லீங்க. பேரு மட்டும் பாக்கோணும்."

"அதையும் எல்லாரும் சொல்வாங்க. ஃபாரத்தை நிரப்புங்க."

உயில் எழுதியவருக்கு என்ன உறவு என்ற கட்டத்தில் கொள்ளுப்பேத்தி என்று எழுதினாள். எட்மண்ட் அதை வாங்கிப் பார்த்தார். பொங்கியண்ணன் என்ற பெயரை இரண்டு தடவை படித்தார். உள்ளே போனவர் இரண்டே நிமிஷத்தில் திரும்பினார். நூற்றுப் பன்னிரண்டு வருஷத்து ஏட்டைத் தேட இரண்டு நிமிஷம் எப்படிப் போதும் என்று மரகதம் யோசிக்கும்போதே, அவர் ஏட்டை மேஜைமேல் வைத்து ஒரே பிரிப்பில் அந்தப் பக்கத்தைத் திறந்தார்.

பக்கத்தின் நடுவே அடையாளத்துக்கு ஒரு துண்டுச் சீட்டு செருகியிருந்தது.

"கையை வைக்காம படிங்கம்மா. காகிதம் அப்பளம் மாதிரி."

சுத்தமான மசி எழுத்து. பொட்டு இல்லை, மரியாதை இல்லை, அதனால் ஒரு வரியும் கெடவில்லை. மரகதம் எழுத்துக்கூட்டிப் படித்தாள். நொண்டி மட்டக்குதிரை வந்தது. கம்பளிகள் வந்தன. கஞ்சி வந்தது.

"...கஞ்சி ஊற்றிய என் மருமகள், வேலன் சம்சாரம் மூக்கம்மாவுக்கு. வேலன் அவளைத் தள்ளிவைத்துவிட்டாலும் இந்த ஏற்பாடு மாறாது."

இன்னொரு தடவை படித்தாள்.

வேலன் அப்பாருவுக்கு வேலாயிக்கு முன்னால் ஒரு பெண்டாட்டி இருந்திருக்கிறாள். மகன் அவளைத் தள்ளிவைக்கப் போகிறான் என்பது சாகக் கிடந்த கிழவருக்குத் தெரிந்திருக்கிறது. தள்ளியும் வைத்திருக்கிறான். நிலத்தைத் தானே ஆண்டிருக்கிறான். காகிதத்தைப் பிரிக்கக்கூடாது என்ற நம்பிக்கையை முதலில் சொன்னது யார் என்று இனிமேல் மரகதம் யாரிடமும் கேட்கவேண்டியதில்லை.

பதினோரு வருஷமாகத் தான் கிள்ளிய ஒவ்வொரு கொளுந்தும் யாருடைய செடியில் என்று நினைத்தபோது அவளுக்குக் காது சூடேறியது.

"நகல் திங்கக்கிழமை வாங்கிக்கிறீங்களா?" என்றார் எட்மண்ட்.

"திங்கக்கெழமை என்ற அண்ணன் பையன் வருவானுங்க. அவங்கிட்டயே குடுத்துருங்க." அவள் கண் துண்டுச் சீட்டில் இருந்தது. "இதென்னங்க, இந்தப் பக்கத்துலயே வெச்சிருக்கறீங்க?"

எட்மண்ட் சீட்டைப் பார்த்தார். எடுக்க மறந்தது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. எடுத்து மடிப்பதற்குள் மரகதம் படித்துவிட்டாள். அவளுக்கு முன்பே நகல் கேட்ட ஒருத்தியின் விண்ணப்பத் துண்டு. தேதி போன மாதம். பெயர் கலைமதி. ஊர் இத்தலார். உறவுக் கட்டத்தில், மூக்கம்மாவின் கொள்ளுப்பேத்தி.

"அந்தப் புள்ளையும் பேர் மட்டும் பாக்கணும்னுதான் சொல்லிச்சு" என்றார் எட்மண்ட்.

"நகல் வாங்கிட்டாங்களா?"

"வாங்கிச்சு. இந்த பெஞ்சுலயே உக்காந்து முழுக்கப் படிச்சுது. போகும்போது நடுவட்டத்துக்கு எத்தனை மணிக்கு பஸ்ஸுன்னு கேட்டுச்சு."

"வந்ததில்லீங்களே" என்றாள் மரகதம்.

பஸ் ஸ்டாண்டில் நாலு மணி வெயில் சரிந்துகொண்டிருந்தது. நடுவட்டம் வழியாகக் கூடலூர் போகும் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ஏறினால் இருட்டுமுன் வீடு. அண்ணன் கேட்டால் பல்வலி என்று சொல்லிவிடலாம். திங்கட்கிழமை வரட்டும், ரமேஷ் ஓடட்டும்.

நாலு ஏக்கர் தன் வழிக்கு எழுதியிருப்பது கலைமதிக்குத் தெரிந்து ஒரு மாதமாயிற்று. பஸ் நேரம்கூடக் கேட்டிருக்கிறாள். அப்புறம் ஏன் வரவில்லை? கையெழுத்து போடமாட்டேன் என்று அவள் சொன்னால் மரகதத்தின் வீடு தப்பும். முதலில் என் நிலத்தைவிட்டு இறங்கு என்று சொன்னால் மாடி அறைகூட மிஞ்சாது. இரண்டில் எது என்று இத்தலாருக்குப் போனால்தான் தெரியும். அதைவிட முக்கியமாக, மூக்கம்மா என்ன ஆனாள் என்பது அங்கே போனால்தான் தெரியும்.

இத்தலார் பஸ், எரு மூட்டைகளுக்கும் விதை உருளைக்கிழங்குக்கும் நடுவே மனிதர்களையும் ஏற்றிக்கொண்டிருந்தது. மரகதம் ஏறி, ஜன்னலோரம் இருந்த ஒரு அம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இந்தப் பக்கம் பாத்ததில்லையே" என்றாள் அந்த அம்மாள், கூடையை மடிக்கு இழுத்துக்கொண்டு. "ஆரு ஊட்டுக்குங்க?"

"சொந்தக்காரங்க ஊட்டுக்குத்தாங்க."

"ஆருன்னு சொன்னா தெரியுமுல்ல. எங்க ஊருதானுங்க அது."

"கலைமதின்னு ஒரு புள்ள."

கூடையை இழுத்த கை நின்றது. அந்த அம்மாள் திரும்பி, மரகதத்தின் முகத்தை, மூக்கை, தாடையை, விலை கேட்காத சந்தைச் சாமானைப் பார்ப்பதுபோல நிதானமாகப் பார்த்தாள்.

"நடுவட்டத்துக்காரங்களா?" என்றாள். "வர ஒரு மாசம் ஆச்சுதாக்கும். அவ ஊட்ல பெரியவங்க தெனமும் சாயங்காலம் இந்த பஸ்ஸுக்கு வந்து நின்னு பாத்துட்டுப் போறாங்க."

பஸ் நகர்ந்தது. மரகதம் டிக்கெட்டை இரண்டாக மடித்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, பிரித்துவைத்துக்கொண்டாள்.